டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்

பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களினின்று கல்லூரிக்கு வந்து, வைத்தியராகித் தம் ஊருக்கே திரும்ப எண்ணும் மாணாக்கர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சிற்றூரில் தனித்திருக்கும் வைத்தியனுக்குத் துணை யார்? இதற்கு விடையாக ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அமெரிக்காவில் மாசச்சூசெற்சு மாகாணத்தில் 1822-ஆம் ஆண்டு பிறந்த கிறீன், வைத்தியக் கல்வி முற்றி, 1847-இல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். நோயாளரோ எண்ணிறந்தோர். தாம் ஒருவரே ஓயாதுழைப்பினும் போதாதெனக் கண்ட அவர், 1848 முதல் தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கலானார். மானிப்பாய் அக்கல்விக்கு நிலைக்களமாயிற்று. 1857 முதல் 1862 வரை அவர் தாய்நாடு சென்றிருந்தகாலை, அவர்தம் மாணாக்கரே அப்பணியைத் தாங்கி நின்றனர்.

ஆயினும், ஆங்கிலத்திற் கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடி அயலூர்களுக்கு அகன்றனர். கிராமத்தார் வைத்தியரின்றி வருந்தினர். இக்குறையைக் கண்ட கிறீன், 1864 அளவில் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமன்றோ? 1852-இலேயே உடற்கூற்று நூலொன்றைத் தமிழில் வெளியிட்டிருந்த அவர், மாணாக்கர் துணைகொண்டு, இரணவைத்தியம், வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களையும் ஆக்குவித்தார். யாவும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. நள்ளிரவில் கடும்பிணியாளன் முன் கலங்கி நிற்கும் கிராம வைத்தியனுக்கு அந்நூல்களே அருகிருந்து யோசனை கூறும் மூத்த வைத்தியராயின.

அறுபதின்மருக்கு மேற்பட்டோரைப் பயிற்றிய அப்பெரியார், 1873-இல் யாழ்ப்பாணம் விட்டுச் சென்றார். சென்றும் தம் மாணாக்கரை மறந்தாரல்லர். கடல் கடந்து கடிதங்கள் வந்தன. தமிழ் நூல்களைத் திருத்தும் பணியும் தொடர்ந்தது. 1884-இல் அவர் உயிர் நீத்தார். தமிழர்க்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டும் என அவர் விரும்பினார்.

இன்று நிலைமை வேறு. 1928-இல் தோன்றிய இந்திய மருத்துவச் சங்கம் நாடெங்கும் கிளைவிட்டு வைத்தியரை ஒன்றுகூட்டுகின்றது. அரியலூரிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. ஆயினும் சங்கமும் கல்லூரியும் இருந்தால் மட்டும் போதா. தூரத்தில் தனித்துழைக்கும் தோழனை நினைந்து, அவன் ஐயத்துக்கு விடை எழுதும் உள்ளம் வேண்டும். தபாற்கப்பலையே நம்பியிருந்த அக்காலத்தில் கிறீன் அதனைச் செய்தார். நொடிப்பொழுதில் செய்தி செல்லும் இந்நாளில், நாம் அதனைச் செய்யாதிருப்பது முறையாகுமோ?