இகழ்ந்த பெயரே இதழின் பெயர்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை உலகிற்கு அறிவித்த பெருமையுடையவை. பாலாற்றங்கரைப் பழையசீவரம் முதலாக இப்பகுதி ஊரார் அனைவரும் அதனை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வர். ஆயினும், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடையார் பெயரே குடத்தில் இடப்பெறும் என்று உரைப்பவையும் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகளே. நிலமற்ற உழவனின் பெயர் அக்குடத்துள் விழவே இல்லை. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த ஒருவர், விடுபட்ட அப்பெயரைச் சட்டசபைக்குக் கொண்டு சென்றார். அவரே இரட்டைமலை சீனிவாசன்.

1860ஐ ஒட்டி, மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர். பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அந்தணர். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சிய அச்சிறுவன், மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்து, அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைந்தான். விளையாட்டில் கலவாமல் வீடு திரும்பினான். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதனை அவரே பதிவு செய்துள்ளார்.

நீலகிரியில் கணக்கராகப் பணிபுரிந்தபின் 1890இல் சென்னைக்கு வந்தார். 1893இல் ஓர் இதழைத் தொடங்கினார். பத்து ரூபாய்ச் செலவில் நான்கு பக்கங்களுடன் பிறந்த அவ்விதழுக்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. எந்தப் பெயர் வெளிப்படலாகாது என்று பள்ளி வாயிலில் ஒதுங்கி நின்றாரோ, அதனையே முகப்பில் அச்சேற்றினார். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர், அப்பெயர் பகைவர் சுமத்திய பழி என்று மறுத்துப் பூர்வ பௌத்தர் என்னும் அடையாளத்தை நாடினார். மறுப்பும் ஏற்பும் ஆகிய இருவழிகளும் நாடியது ஒன்றே, அது மானம். கறுப்பு என்னும் சொல்லை அமெரிக்கக் கறுப்பின மக்கள் பெருமிதமாக்கிக்கொண்டது 1960களில்தான் என்பதை எண்ணினால், சீனிவாசனின் துணிவு விளங்கும்.

ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசு கோரியபோது, உயர்சாதியாரே அதிகாரத்தைக் கைப்பற்றுவர் என்று கருதிய அவர், 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தை 1893இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். இந்நிலைப்பாட்டை இன்றும் குறை கூறுவோர் உளர். எனினும், விடுதலைக்குப்பின் ஆள்வோர் யாவர் என்னும் அவர்தம் வினாவை எவராலும் தள்ளிவிட இயலாது.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்னும் கோரிக்கைக்காக அவரும் ஆர். வீரையன் முதலியோரும் சட்டசபையில் வாதாடினர். 1924இல் அதற்கான அரசாணையும் பிறந்தது. பேருந்து இருக்கைக்காக மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் போராடியது 1955இல். இங்கோ தெருவில் நடப்பதற்கே ஆணை வேண்டியிருந்தது. ஆணை வந்த பின்னும் ஊர்கள் பல உடனே வழிவிடவில்லை.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் பங்கேற்றார். அங்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நீட்டிய கையைப் பற்றத் தயங்கித் தாம் தீண்டப்படாதவர் என அறிவித்தார் என்றும், மன்னரே அவர் கையைப் பற்றினார் என்றும் கூறுவர். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவருள் அவரும் ஒருவர். மாகாணச் சபைகளில் 148 இடங்கள் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பெற்றன. குடத்துள் இடப்படாத பெயர் இவ்வாறு சபையேறியது.

18.9.1945 அன்று அவர் மறைந்தார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950இல். அதனைக் காண அவர் இல்லை. சொல்லை ஆள்வோர் அவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு சொல்லின் இழிவு சொல்லில் இல்லை. அதனைச் சொல்வோர் நெஞ்சில் உள்ளது. மணியோசைக்காக வெளியே நின்ற சிறுவன் அதனை உணர்ந்தமையால்தான், அச்சொல்லை அச்சுக் கோத்து ஊரறிய உயர்த்தினான்.