எழுதத் தயங்கிய வைத்தியர்



பிள்ளை பெற்ற வீட்டில் கை கழுவாமல் எவரும் குழந்தையைத் தொட நீங்கள் விடமாட்டீர்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படியே. ஆனால் எல்லாக் காலத்திலும் இந்த வழக்கம் இருக்கவில்லை. இதற்காக ஒரு வைத்தியர் பட்ட பாட்டையும், அவர் செய்யத் தவறியதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

இஞ்ஞாசி செம்மல்வைஸ் 1818-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, ஹங்கேரி நாட்டு பூடா நகரில் ஒரு மளிகை வியாபாரியின் மகனாய்ப் பிறந்தார். வியன்னாவில் வைத்தியம் படித்து, 1846-ல் அந்நகரத்துப் பொது ஆஸ்பத்திரியின் முதலாம் பிரசவப் பகுதியில் உதவி வைத்தியராய் அமர்ந்தார். அங்கே பிரசவப் பகுதிகள் இரண்டு. முதலாவதில் வைத்திய மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். அவ்வாண்டில் முதற் பகுதியில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார் மாண்டார்கள். இரண்டாவதில் 3,754-க்கு 105 பேர். ஏழைப் பெண்களுக்கு இது நன்றாய்த் தெரியும். முதற் பகுதி வேண்டாமென்று முழந்தாளிட்டு மன்றாடினார்கள்.

காரணம் யாதென்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வரும் குருவானவர் முதற் பகுதியின் அறைகளைக் கடந்துதான் நோயாளியிடம் போகவேண்டும். முன்னால் மணியடித்துச் செல்வார்கள். அந்த ஓசையைக் கேட்ட பயமே தாய்மாரைக் கொல்கிறதோ என்ற எண்ணம் இருந்தது. செம்மல்வைஸ் குருவானவரைக் கேட்டுக்கொண்டு, மணியில்லாமல் சுற்றுவழியாய் வரச்செய்தார். சாவு குறையவில்லை. (பழி குருவானவர்மேல் விழாததில் எனக்கும் ஒரு திருப்தி.)

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் கோலெச்கா, சவ அறுவையின்போது ஒரு மாணவனின் கத்தி விரலில் பட்டு, ஜுரங்கண்டு இறந்தார். அவர் உடலை அறுத்துப் பார்த்ததில், பிரசவ ஜுரத்தால் மாண்ட தாய்மாரிடம் கண்ட அதே அடையாளங்கள் இருந்தன. செம்மல்வைஸுக்கு விளங்கிவிட்டது. காலையில் சவங்களை அறுத்த கையோடு மாணவர்களும், ஏன், தாமுமே, பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளோ சவத்தைத் தொடுவதில்லை.

மே மாதத்தில் உத்தரவு போட்டார்: பிரசவ அறைக்குள் வருகிறவர் எவரும் குளோரின் நீரில் கை கழுவவேண்டும். பிறகு அதற்குப் பதிலாகக் குளோரின் ஏற்றிய சுண்ணாம்பை வைத்தார். நம் கிணறுகளில் போடும் பிளீச்சிங் பவுடர்தான் அது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு, ஜூலையில் நூற்றுக்கு ஒன்றாயிற்று. 1848 முழுவதிலும் 3,556 பிரசவங்களுக்கு 45 பேரே இறந்தார்கள்.

இடையில் 1847 அக்டோபரில், கருப்பையில் சீழ்வடியும் புற்றுநோயுள்ள ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். அவளை முதலில் சோதித்துவிட்டு மற்றவர்களிடம் போனதால், அப்போது பிரசவித்த பன்னிருவரில் பதினொருவர் மாண்டார்கள். ஆகவே சவத்தின் நஞ்சு மட்டுமல்ல, அழுகும் எந்தப் பொருளும் கொல்லும் என்று கண்டார். அதுமுதல் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே கை கழுவச் சொன்னார்.

இவ்வளவையும் அவர் எழுதினாரா? இல்லை! எழுதுவதென்றாலே அவருக்கு வெறுப்பு. நண்பர் ஹெப்ரா 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் பத்திரிகையில் அவருக்காக எழுதினார். 1849-ல் பேராசிரியர் ஸ்கோடா அவருக்காகப் பேசினார். பிறர் வாய்வழிப் போனதால், சவ நஞ்சு என்ற பாதி மட்டுமே பல ஊர்களுக்கு எட்டிற்று. சவம் அறுக்காத எங்கள் ஆஸ்பத்திரியிலும் ஜுரம் வருகிறதே என்று கேட்டு, அவர்கள் முழுவதையும் தள்ளிவிட்டார்கள். மேலதிகாரி கிளைன் பகைத்தார் என்பது மெய்தான். ஆனாலும் பேனாவை எடுக்காததற்கு அவரைக் குற்றஞ்சொல்ல முடியாது.

1850 மே மாதம் வியன்னா வைத்தியர் சங்கத்தில் செம்மல்வைஸ் தாமே பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் நண்பர்களிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனார். பெஸ்ட் நகரத்துப் புனித ரோக் ஆஸ்பத்திரியில் 1851 முதல் ஆறாண்டு காலம் 933 பிரசவங்களுக்கு எட்டுத் தாய்மாரையே ஜுரத்திற்கு இழந்தார்.

1858-ல்தான் ஹங்கேரிய வாரப் பத்திரிகையொன்றில் எழுதத் தொடங்கினார். பெரிய ஜெர்மன் நூல் 1861 என்ற ஆண்டைத் தாங்கி வந்தது. கை கழுவும் தொட்டியை வைத்துப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. நூலும் நீண்டு, சொன்னதையே சொல்லி, எதிரிகளைச் சாடுவதாய் இருந்தது. அதை ஏற்காத பேராசிரியர்களைப் பகிரங்கக் கடிதங்களில் கொலைகாரரென்றே அழைத்தார். கோபம் நியாயந்தான், வாசகரே. ஆனால் திட்டு வாங்கியவன் கை கழுவ ஓடுவானா?

1865 ஜூலையில் மனங்கலங்கிய அவரை வியன்னாவிலுள்ள பைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர் அதே ஹெப்ராதான். ஆகஸ்ட் 13-ந் தேதி, புண்வழி இரத்தத்தில் நஞ்சேறி அங்கே இறந்தார். வயது 47. பிறந்த வீடு 1965 முதல் வைத்திய வரலாற்றுக் காட்சிசாலையாயிருக்கிறது. அவருடைய உடலும் அங்கேதான் இருக்கிறது.