ஈடு கேட்காத கடன்

பணம் படைத்தவனை வாசலில் வந்து வரவேற்கும் பாங்கிகள், பஞ்சையைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. ஜெர்மனி நாட்டின் ஒரு மலைப்புறத்தில் அந்தக் கதவைத் திறந்து வைத்தவர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரெய்பீசன். அவர் கோடீசுவரருமல்லர், பொருளாதாரப் பேராசிரியருமல்லர். கண்நோயால் பட்டாளத்தை விட்டு வெளியேறிய ஓர் ஊராட்சித் தலைவர், அவ்வளவுதான்.

1818 மார்ச் 30-ல் ஹாம் என்ற சிற்றூரில் பிறந்த அவர், 1845-ல் வையர்புஷ் வட்டாரத்தின் தலைவரானார். மறு ஆண்டே விளைச்சல் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் பசி ஊரை வாட்டிற்று. சர்க்கார் மாவு அனுப்பிற்று; ஆனால் ரொக்கத்துக்கே விற்க வேண்டும் என்று உத்தரவும் போட்டது. கையில் ரொக்கம் இருப்பவன் ஏன் பட்டினி கிடக்கிறான்? ரெய்பீசன் உத்தரவை ஒதுக்கிவிட்டுக் கடன்சீட்டு வாங்கிக்கொண்டு மாவைக் கொடுத்தார். பொது அடுப்பு கட்டி ரொட்டியும் சுட்டுத் தந்தார்.

1849-ல் பிளாமர்ஸ்பெல்டில், கால்நடை வியாபாரிகளிடம் கடன்பட்டு மாட்டையும் நிலத்தையும் இழந்த உழவர்களுக்காக ஒரு சங்கம் கண்டார். செல்வர்கள் அறுபது பேர் ஜாமீன் நின்றனர். 1854-ல் ஹெட்டஸ்டோர்பிலும் இதேபோல் தருமச் சங்கம் ஒன்று எழுந்தது. ஆனால் நடந்ததென்ன? கொடுப்பவர்கள் சலித்துப் போனார்கள். தருமத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர் ரெய்பீசன். அதைக் கைவிட அவருக்கு மனமில்லை. ஆயினும் செல்வரின் இரக்கத்தை நம்பி உழவனின் விதைநெல்லை வைக்கலாகாது என்பதை அனுபவம் உணர்த்திற்று. அவர் வாழ்வில் நாம் பெரிதாக மதிப்பது இந்த மனமாற்றத்தையே.

1864-ல் ஹெட்டஸ்டோர்பில் கடன் சங்கம் அமைந்தது. கடன் வாங்குகிறவனே அங்கத்தினன். ஒருவன் பட்ட கடனுக்கு எல்லோரும் வரையறையின்றிப் பொறுப்பு. எனவே தனியே நின்றால் நம்பாத பணக்காரன், ஊரே சேர்ந்து நின்றபோது நம்பிப் பணம் போட்டான். சங்கத்தின் எல்லை ஓர் ஊர், அல்லது அடுத்தடுத்த சில ஊர்கள். வாங்கிய பணம் ஏருக்குப் போகிறதா, சாராயத்துக்குப் போகிறதா என்பது அண்டை வீட்டானுக்குத் தெரியாதா? நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை, கணக்கருக்கு மட்டும் உண்டு. மிச்சமான இலாபம் யாருக்கும் பங்கிடப்படாமல் சேமநிதிக்குப் போயிற்று. உழவனின் சிறு சேமிப்பையும் சங்கமே வாங்கி வட்டி கொடுத்தது.

1865-ல் பார்வை மிகவும் மங்கவே பதவி விலகினார். வயிற்றுப்பாட்டுக்குத் திராட்சைமது வியாபாரம். கண்ணாகவும் கையாகவும் மகள் அமலி. 1866-ல் கடன் சங்கங்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. நகரத்துக் கூட்டுறவுத் தலைவர் ஷூல்ட்சே, பங்குத்தொகை வேண்டும் என்று வாதாடினார். காசில்லாத கிராமத்தானிடம் பங்கு கேட்பதா என்பது ரெய்பீசன் கட்சி. குறையும் சொல்வோம்: வட்டிக்காரர் மீதிருந்த கோபத்தை யூத இனத்தார் மீதே திருப்பியதும் அவரிடம் உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

1888 மார்ச் 11-ல் அவர் மறைந்தார். சில ஆண்டுகளில், சென்னை மாகாண அரசு ஏவ, பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் முறைகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அறிக்கை தந்து, ரெய்பீசன் வழியையே பரிந்துரைத்தார். 1904-ல் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஐக்கிய நாணயச் சங்கம் பதிவாயிற்று. ஒரு வேறுபாடு: அங்கே ஊரார் கூடித் தொடங்கிய பிறகே சட்டம் வந்தது; இங்கோ சட்டம் முதலில் வந்தது, சர்க்கார் நியமித்த பதிவாளரும் கூடவே வந்தார்.