கடிதங்களில் வாழும் தோரு தத்

இருபத்தோராவது வயதில் மறைந்த ஒரு பெண்ணின் உள்ளத்தை இன்றும் நாம் அறிய முடிகிறதென்றால், அதற்கு முதற்காரணம் அவருடைய தோழி கடிதங்களைப் பேணி வைத்திருந்தமையே. அப்பெண் வங்கம் ஈன்ற கவிஞர் தோரு தத். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இலக்கியம் படைத்த இந்தியப் பெண்களுள் முன்னோடி. ஐரோப்பாவில் வாழ்ந்து தாயகம் மீண்டு, இரு நாடுகளுக்கும் இடையே மனம் அலைப்புண்டவர். ஆதலால் அவர் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

1856 மார்ச் 4ஆம் நாள் கல்கத்தாவின் ராம்பகான் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை கோவிந்த சந்திர தத்தும் கவிதை எழுதியவர். 1862இல் குடும்பம் கிறித்துவ சமயத்தைத் தழுவியது. 1865இல் ஒரே மகன் அப்ஜு இறந்தான். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1869இல், பெற்றோர் அரு, தோரு என்னும் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினர். பெண்கள் கடல் கடப்பது அரிதாயிருந்த காலம் அது.

தென் பிரான்சின் நீஸ் நகரில் சகோதரியர் சில மாதங்கள் பள்ளியில் பயின்றனர். பிரெஞ்சு மொழி தோருவின் உள்ளத்தில் வேரூன்றியது அங்கேதான். பின்னர் இலண்டன், அதன்பின் கேம்பிரிட்ஜ். அங்கு பெண்களுக்கென நடைபெற்ற உயர் விரிவுரைகளைக் கேட்கச் சென்ற காலத்தில் மேரி மார்ட்டின் என்னும் ஆங்கிலப் பெண் தோழியானார். 1873இல் தத் குடும்பம் கல்கத்தா திரும்பியது. கேம்பிரிட்ஜுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து தொடங்கியது.

மீண்டவரின் தனிமை

தாயகம் திரும்பியதும் துயரம் தொடர்ந்தது. 1874 சூலையில் அரு காசநோயால் இறந்தார். தோரு எழுதவிருந்த பிரெஞ்சு நாவலுக்குப் படம் வரைய இருந்தவர் அவரே. அக்காளை இழந்த தோருவுக்குப் பேச்சுத் துணை பெற்றோரும் நூல்களுமே. கிறித்துவர் என்பதால் இந்துச் சமூகத்திலிருந்து விலகியும், இந்தியர் என்பதால் ஆங்கிலேயர் வட்டத்துக்குப் புறத்தேயும் அவர் நின்றார். இந்த இடைவெளியை நிரப்பியது மேரிக்கு எழுதிய கடிதங்களே.

பாக்மாரித் தோட்டத்து மரங்கள், வளர்த்த பூனைகள், குதிரைகள், படித்த பிரெஞ்சு நூல்கள், தந்தையுடன் சேர்ந்து கற்கத் தொடங்கிய சமஸ்கிருதம் யாவும் அக்கடிதங்களில் இடம்பெற்றன. மீண்டும் இங்கிலாந்து சென்று வாழும் ஆசையும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. ஐரோப்பாவில் இருந்தபோது பிறந்த மண்ணின் தொன்மங்களை ஆழ்ந்து கற்காதவர், ஊர் திரும்பிய பின்னரே சாவித்திரியையும் சீதையையும் தம் கவிதைக்கு உரியவர்களாகக் கண்டெடுத்தார்.

இவற்றுள் ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. தம் நாட்டவரைக் குறிக்க தோரு ஒரு கடிதத்தில் நேட்டிவ் என்னும் சொல்லைக் கையாண்டார். ஆள்வோர் இழிவாக வழங்கிய சொல் அது. கடல் கடந்திருந்த ஆங்கிலத் தோழியே அதைச் சுட்டிக்காட்டினார். தோரு சினக்கவில்லை. கண்டிப்பு நியாயமானது என்று ஏற்று, இனி அவ்வாறு எழுதுவதில்லை என்று மறுமொழி அனுப்பினார். ஆக்ராவில் ஃபுல்லர் என்னும் ஆங்கில வழக்கறிஞர் அடித்ததால் அவருடைய குதிரைக்காரர் உயிரிழந்தார். தண்டனையோ முப்பது ரூபாய் அபராதம். இதைக் குறித்தும் தோரு மேரிக்கு மனம் கசந்து எழுதினார். பிறர் நமக்கு இடும் பெயரை நாமே நாவில் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எத்துணை எளிதில் வருகிறது, அதிலிருந்து விடுபட ஒரு நல்ல நட்பு எவ்வாறு துணைசெய்கிறது என்பதற்கு இக்கடிதங்கள் சான்று.

காணாத தோழி

1876இல் பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதியை கல்கத்தாவின் பவானிப்பூர் அச்சகமொன்றில் தோரு வெளியிட்டார். அருவின் மொழிபெயர்ப்புகள் சிலவும் அதில் சேர்ந்தன. மலிவான தாளில் அச்சான அந்நூல் இலண்டன் பத்திரிகை அலுவலகமொன்றில் எட்மண்ட் காஸ் என்னும் விமர்சகர் கையில் கிடைக்க, அவர் வியந்து பாராட்டினார்.

மறு ஆண்டு தொடக்கத்தில், பண்டைய இந்தியப் பெண்களைப் பற்றி நூல் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் கிளாரிஸ் பாதெருக்கு, அந்நூலை மொழிபெயர்க்க அனுமதி வேண்டி தோரு எழுதினார். இசைவு வந்தது, அன்பும் வந்தது. ஆயினும் இருவரும் நேரிற் சந்திக்கவே இல்லை. காசநோய் தோருவையும் பற்றியிருந்தது. 1877 ஆகத்து 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

அதன்பின் தந்தை மகளின் கையெழுத்துப் படிகளை எடுத்து ஒழுங்குசெய்தார். பிரெஞ்சு நாவல் 1879இல் பாதெரின் முன்னுரையுடன் பாரிசில் வெளிவந்தது. இந்தியத் தொன்மக் கவிதைகள் 1882இல் காஸின் முன்னுரையுடன் இலண்டனில் வெளிவந்தன. மேரி மார்ட்டினோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் தோழியின் கடிதங்களைக் காத்தார். அவற்றைப் பெற்று ஹரிஹர் தாஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றை ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1921இல் வெளியிட்டது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் நம்மவர் பலரின் அலுமாரிகளில் இன்றும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எழுதியவர்களுள் பலர் இன்றில்லை. அவர்கள் வாழ்ந்த வீடுகளும் இல்லை. தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு அவை வெறுந்தாள்களாகத் தோன்றக்கூடும். அவற்றை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும், எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று உறையின்மேல் குறித்து வைப்பதும் நம் கடமை. மேரி மார்ட்டின் செய்தது அவ்வளவே. அதனாலேயே தோரு தத்தின் குரல் இன்றும் நமக்குக் கேட்கிறது.