டிரேட் விளையாட்டுக்குப் பின்னால் ஒரு பெண்மணி

லீவு விட்டால் எங்கள் திண்ணையில் டிரேட் அட்டை விரிந்துவிடும். மும்பை, டெல்லி எல்லாத்தையும் அண்ணனே வாங்கிப் போட்டுக்குவான். வாடகை கட்டிக் கட்டியே நான் போண்டி! இதற்கெல்லாம் மூல விளையாட்டை ஒரு பெண்தான் உண்டாக்கினார், அதுவும் இந்த அநியாயத்தைக் காட்டத்தான் உண்டாக்கினார் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம்.

அவர் எலிசபெத் மேகி. 1866-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். சுருக்கெழுத்து வேலை பார்த்தார். நிலத்தை யாரும் உழைத்து உண்டாக்கவில்லை, அதன் வாடகை வரியாகப் பொதுமக்களுக்கே சேர வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கருத்து அவர் மனசில் ஊறியிருந்தது. புத்தகமா எழுதினா எத்தனை பேர் படிப்பாங்க? அவர் விளையாட்டாகவே செய்துவிட்டார்! 'நிலச்சொந்தக்காரர் விளையாட்டு' என்று பெயர். 1904-ல் காப்புரிமை கிடைத்தது.

அதற்கு இரண்டு வித விதிகள். ஒன்றில் மற்றவரை ஓட்டாண்டியாக்கினால் வெற்றி. இன்னொன்றில் செல்வம் பெருகினால் எல்லோருக்கும் பங்கு. ஜனங்க முதல் விதத்தையே பிடிச்சுக்கிட்டாங்க! வீட்டுக்கு வீடு கையால் வரைந்து ஆடினார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட சார்லஸ் டாரோ, தன் கண்டுபிடிப்பு என்று சொல்லி 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார். அதுதான் மோனோபொலி. அவர் பெரும் பணக்காரர் ஆனார். அதே ஆண்டு மேகியின் காப்புரிமைக்குக் கம்பெனி கொடுத்தது வெறும் 500 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது.

1948-ல் மேகி காலமானார். 1970-களில் நடந்த ஒரு வழக்கில்தான் அவர் பெயர் மறுபடி வெளியே வந்தது.

போன சனிக்கிழமை, வாடகையை எல்லாம் நடுவில் ஒரு தட்டில் போட்டு, சமமாகப் பிரித்து ஆடிப் பார்த்தோம். அண்ணன் பாதியிலேயே எழுந்து போய்ட்டான்.