திரைக்கலை மேதை ஐசன்ஸ்டீன்

திரைப்படம் என்றதும் நம்மில் பலருக்குப் பாட்டும் சண்டையும் சிரிப்புமே நினைவுக்கு வரும். ஆனால், துண்டு துண்டான காட்சிகளை முறையாக இணைத்தால் காண்போர் உள்ளத்தில் புதியதோர் எண்ணத்தையே பிறப்பிக்கலாம் என்று காட்டிய மேதை ஒருவர் ரஷ்ய நாட்டில் வாழ்ந்தார். அவரே செர்கேய் ஐசன்ஸ்டீன். அவருடைய வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

ஐசன்ஸ்டீன் 1898ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள் ரீகா நகரில் பிறந்தார். இன்று லாட்வியாவின் தலைநகராக விளங்கும் அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்தது. தந்தையார் மிகயீல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அவர் வடிவமைத்த எழில்மிகு மாளிகைகளை இன்றும் ரீகாவில் காணலாம். பெற்றோரிடையே ஒற்றுமை இல்லாததால் அன்னையார் பீட்டர்ஸ்பர்க் சென்றுவிட்டார். சிறுவன் ஓவியம் தீட்டுவதிலும் நூல்கள் படிப்பதிலும் ஆறுதல் தேடினான்.

தந்தையார் விருப்பப்படி பொறியியல் கற்கத் தொடங்கினார் ஐசன்ஸ்டீன். ஆனால் 1917இல் வெடித்த புரட்சி அனைத்தையும் மாற்றிவிட்டது. 1918இல் மகன் செஞ்சேனையில் சேர்ந்தார். தந்தையோ எதிரணியை ஆதரித்தார். அரசியல் புயலில் ஒரு குடும்பம் இரு கூறாகியது. படையில் இருந்தபோதே நாடகங்களுக்குக் காட்சித் திரை தீட்டிய அவர், 1920இல் மாஸ்கோ சென்று நாடகத்துறையில் நுழைந்தார். மேயர்ஹோல்ட் என்னும் நாடக மேதை அவருக்கு ஆசானாக அமைந்தார்.

ஜப்பானிய மொழியையும் அவர் பயின்றார். அம்மொழியின் பட எழுத்துகளில் கண்ணையும் நீரையும் சேர்த்தெழுதினால் அழுகை என்று பொருள்படுவது அவரைக் கவர்ந்தது. இரண்டு படங்கள் மோதும்போது மூன்றாவதாக ஒரு கருத்துப் பிறக்கிறது அன்றோ? திரைப்படத்திலும் இதையே செய்யலாம் என அவர் எண்ணினார். இம்முறைக்கு ‘மாண்டாஜ்’ என்று பெயர்.

1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. புழு நெளியும் இறைச்சியை உண்ண மறுத்த மாலுமிகள் 1905இல் செய்த கிளர்ச்சியே அதன் கதை. ஒடெஸா நகரப் படிக்கட்டில் வீரர்கள் துப்பாக்கியுடன் அணிவகுத்து இறங்க, தாயை இழந்த குழந்தையின் தள்ளுவண்டி தானே உருண்டோடும் காட்சியைக் கண்டு கலங்காதார் இல்லை. அந்நகரில் அப்போது துப்பாக்கிச் சூடு நடந்தது உண்மையே. ஆனால் படிக்கட்டுக் காட்சி பெரிதும் அவருடைய கற்பனை. உறங்கும் சிங்கம், விழித்த சிங்கம், எழும் சிங்கம் ஆகிய மூன்று கற்சிலைகளை அடுத்தடுத்துக் காட்டி, கல்லே சினந்து எழுவதுபோல் தோன்றச் செய்ததும் இப்படத்தில்தான்.

பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். 1930இன் இறுதியில் மெக்சிகோவுக்குச் சென்று படமெடுத்தார். பணம் தந்தவர்கள் இடையிலேயே நிறுத்திவிட்டதால் அப்படத்தை முடிக்க இயலாமல் 1932இல் தாயகம் திரும்பினார். அங்கே ஸ்டாலினின் கடுமையான ஆட்சி நிலவியது. ‘பேழின் புல்வெளி’ என்னும் படம் 1937இல் தடுக்கப்பட்டது. உயிருக்கே அஞ்ச வேண்டிய அக்காலத்தில், தவறு தம்முடையதே என்று அவர் ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1938இல் வெளிவந்த ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ அவருக்கு மீண்டும் பெருமை தேடித் தந்தது. உறைந்த ஏரிமீது நடக்கும் அதன் போர்க்காட்சியைக் கோடைக்காலத்தில் செயற்கைப் பனிக்கட்டி அமைத்துப் படமாக்கினார் என்றால் வியப்பாக இல்லையா?

ஆசான் மேயர்ஹோல்ட் 1939இல் கைதாகி, 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைச் சொல்வதற்கே பலர் நடுங்கினர். ஆனால் ஐசன்ஸ்டீன், ஆசானின் கையெழுத்துப் பிரதிகளைத் தம் நாட்டுப்புற வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். வெளியே பணிந்தவரின் உள்ளே எத்தகைய நன்றியும் துணிவும் இருந்தன என்பதை இச்செயல் ஒன்றே காட்டும்.

அவருடைய இறுதிப் படைப்பு ‘கொடுங்கோலன் இவான்’. முதற்பகுதிக்கு 1946இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அப்பரிசைக் கொண்டாடும் விருந்திலேயே மாரடைப்பால் வீழ்ந்தார். இரண்டாம் பகுதியிலோ, ஐயமும் தனிமையும் வாட்டும் அரசன் தன்னைச் சுற்றிலும் குருதி சிந்துவதைக் காட்டியிருந்தார். அதில் தன் சாயலைக் கண்டாற்போல் ஸ்டாலின் சினந்தார். அதே ஆண்டில் படம் தடை செய்யப்பட்டது. திருத்தி அமைக்க 1947இல் இசைவு கிடைத்தும், அவர் அதை மாற்றாமலே 1948 பிப்ரவரி 11ஆம் நாள் தமது 50ஆம் வயதில் மறைந்தார். ஸ்டாலின் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1958இல் அப்படம் மக்கள் முன் வந்தது.

‘பேழின் புல்வெளி’ போரில் அழிந்தபோதும், காட்சிக்கு ஒன்றாக வெட்டிக் காக்கப்பட்டிருந்த படத் துணுக்குகள் எஞ்சின. அவற்றைக் கோத்து 1967இல் ஒரு சிறு படம் அமைத்தனர். ஆசானின் எழுத்தைக் காத்தவரின் படைப்பைப் பிறர் காத்தனர்!

ஐசன்ஸ்டீன் குறையற்றவர் அல்லர். அரசு கேட்டதைச் செய்தார், அஞ்சிய நேரமும் உண்டு. எனினும் தம் கலையில் கண்ட உண்மையை இறுதிவரை அவர் அழிக்கவில்லை. அச்சம் சூழ்ந்த வேளையிலும் நம்மால் காக்கக்கூடிய நன்மை ஒன்றேனும் இருக்கும். அதைக் காக்கும் உறுதியை நாமும் பெறுவோமாக!