ஸ்ரீவிஜயத்தைத் தேடிக் கண்ட ஜார்ஜ் செதேஸ்

இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஸ்ரீவிஜயத்தைப் படிக்காத மாணவர் இருக்க மாட்டார். பலெம்பாங், சீனத் துறவி இ-ட்சிங், மலாக்கா நீரிணை வணிகம் என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருப்போம். ஆனால், 1918க்கு முன்பு வரலாற்றாசிரியர்களுக்கே அந்தப் பெயரில் ஒரு பேரரசு இருந்தது தெரியாது. அதைக் கண்டு சொன்னவர் ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர்.

செதேஸ் 1886 ஆகஸ்ட் 10ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். சமஸ்கிருதமும் கெமர் மொழியும் கற்றார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1904இல் வெளிவந்தது. கம்போடியக் கல்வெட்டு ஒன்றைப் பற்றிய அந்தக் கட்டுரையை எழுதியபோது அவருக்கு வயது 18கூட நிரம்பியிருக்காது. நம்மில் பலர் எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் வயது அது.

1918இல் அவர் பேங்காக் தேசிய நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில்தான் ஸ்ரீவிஜயம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையும் வெளிவந்தது. அதற்காக அவர் எங்கும் மண்ணைத் தோண்டவில்லை. பிறர் ஏற்கெனவே வெளியிட்டிருந்தவற்றைத் தேடிப் படித்து, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார்.

பங்கா தீவில் கிடைத்த கோத்தா கப்பூர் கல்வெட்டை 1913இல் கெர்ன் என்ற டச்சு அறிஞர் வெளியிட்டிருந்தார். அதில் வரும் ஸ்ரீவிஜய என்பதை ஓர் அரசனின் பெயர் என்று அவர் கருதினார். சீன நூல்களில் ஒரு நாட்டின் பெயர் வேறு உச்சரிப்பில் இருந்தது. சோழர் காலச் செப்பேடு ஒன்று, நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை கட்டிய அரசனை ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் உரியவன் என்றது. இராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டும் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. இவை ஒவ்வொன்றும் தனித்தனித் துறையினரின் கைகளில் இருந்தன. செதேஸ் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார். அது அரசனின் பெயரன்று, நாட்டின் பெயர் என்றும், அந்நாடு சுமத்ராவில் இருந்தது என்றும் நிறுவினார். கடாரம் என்பது நம் கெடாவே என்றும் காட்டினார்.

இத்துடன் அவர் நின்றிருந்தால்கூட அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால், அவரிடம் நாம் கற்க வேண்டியது அதற்குப் பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளில்தான் இருக்கிறது. 1920இல் பலெம்பாங் பகுதியில் புதிய பழைய மலாய்க் கல்வெட்டுகள் கிடைத்தன. செதேஸ் அவற்றை ஆராய்ந்து 1930இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவர் ஹனோயில் இருந்த பிரெஞ்சு தூரக் கிழக்கு ஆய்வுப் பள்ளியின் இயக்குநர்.

தென்கிழக்காசியாவின் பண்டைய அரசுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1944இல், போர்க்காலத்தில், ஹனோயில் வெளியானது. நான்கே ஆண்டுகளில் அதைத் திருத்தி, 1948இல் பாரிஸில் மறுபதிப்புக் கொண்டுவந்தார். 1964இல் மீண்டும் திருத்தினார். அந்த இருபது ஆண்டுகளில் மெக்கோங் ஆற்றுப்படுகையில் ஓக் எயோ அகழாய்வின் முடிவுகள் வெளிவந்திருந்தன. கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் ஆண்டு 683 என்று முன்பு கொள்ளப்பட்டிருந்தது. தமாய் என்ற அறிஞர் மறுபடி கணக்கிட்டு 682 என்றார். செதேஸ் அதை ஏற்றுக்கொண்டு தம் நூலில் திருத்தினார். ஓர் ஆண்டு வித்தியாசம்தானே என்று விட்டுவிடவில்லை. அவருடைய கம்போடியக் கல்வெட்டுத் தொகுப்பின் எட்டாம் தொகுதி 1966இல், அவருக்கு 80 வயதாகும் ஆண்டில் வெளிவந்தது. 1969 அக்டோபர் 2ஆம் தேதி அவர் காலமானார்.

அவர் சொன்ன எல்லாமே இன்றும் ஏற்கப்படுவதில்லை. இந்தியப் பண்பாடு வந்து இப்பகுதியை உருவாக்கியது என்ற தொனியில் அவர் எழுதினார். உள்ளூர் மக்கள் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள் என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். கெடாவின் சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் பழைய இரும்பு உருக்கும் தளங்கள் வெளிப்பட்டன. செதேஸ் காணாத சான்றுகள் இவை.

தமிழ் மாணவர்களாகிய நமக்குக் கடாரம் என்றதும் பெருமிதம் வருகிறது. தவறில்லை. ஆனால், பெருமிதம் மட்டும் போதாது. அடுத்த முறை இடுபணிக்காக நூலகத்துக்குப் போகும்போது, கையில் எடுக்கும் வரலாற்று நூலின் பதிப்பாண்டை முதலில் பாருங்கள். அதன்பின் அத்துறையில் என்ன வெளிவந்திருக்கிறது என்று ஆய்விதழ்களைப் புரட்டுங்கள். தம் நூலையே இருமுறை திருத்திய ஓர் அறிஞரை மதிக்க அதைவிட நல்ல வழி இல்லை.